அத்தையின் சிறு மடிக்கணினிக்கு மாற்றாக ஒரு டேப்லெட்: தமிழ் 99, டெம்மி பக்கம், பழைய பிரிண்டர்

புரசைவாக்கத்தில் இருக்கும் என் அத்தையிடம் 11.6 அங்குலத் திரை கொண்ட சிறு மடிக்கணினி ஒன்று இருந்தது. இன்டெல் ஆட்டம் புராசஸர், 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பு. நினைவகமும் சேமிப்பும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டவை. கூட்டவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை. விண்டோஸ் 10 மட்டுமே அந்த 32 ஜிபியில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இடம் போதவில்லை என்று பாதியில் நின்றது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. இந்த இயந்திரம் அந்தப் பக்கமே போக முடியாது.

புதிதாக இன்னொரு சிறு மடிக்கணினி வாங்கலாமா, டேப்லெட்டுக்கு மாறிவிடலாமா என்பது அத்தையின் கேள்வி. இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, எங்கள் தெருவிலேயே எது நல்லது என்ற பேச்சு பல வீடுகளில் நடந்தது. 2007இல் ஏசூஸ் நிறுவனம் 7 அங்குல ஈபிசியைக் கொண்டுவந்து சிறு மடிக்கணினிக் காலத்தைத் தொடங்கிவைத்தது. 2010 ஜனவரியில் ஐபேடை அறிமுகம் செய்த மேடையிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த வகைக் கணினிகளை ஒதுக்கித் தள்ளினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் கேள்வி தீராததற்குக் காரணம், நாம் கருவிகளை ஒப்பிடுகிறோமே தவிர, வீட்டில் நடக்கும் வேலைகளை எடுத்துப் பார்ப்பதில்லை என்பதே. அதனால் அத்தையின் வேலைகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஒரு சிறு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறார். குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கும் கூட்டக் குறிப்புகளும் அவர் பொறுப்பு. நீண்ட கட்டுரைகள் எழுதுவார். எல்லாம் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பில், திரையைப் பார்த்தபடி, விசைகளைப் பார்க்காமல். மின்கட்டணம், வங்கி, செய்தித்தாள், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு காணொளிப் பேச்சு, ஆண்டுக்கு ஒரு முறை ஓய்வூதியர் நேர்காணல் ஆகியவை மற்றவை. மாதம் சில பக்கங்கள் அச்செடுக்க வேண்டும். அதற்கு யூஎஸ்பி கம்பி மட்டுமே உள்ள பழைய லேசர் பிரிண்டர் ஒன்று இருக்கிறது; நன்றாக ஓடுகிறது; அதைத் தூக்கிப்போட அவருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

திரை

டேப்லெட்டின் அளவைத் தீர்மானித்தது மெய்ப்பு வேலைதான். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி 1/8 அளவு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். அத்தையின் மடிக்கணினித் திரை அகலவாக்கில் பத்து அங்குலம் இருந்தாலும் உயரம் ஐந்தே முக்கால் அங்குலத்துக்குள்தான். ஒரு பக்கத்தை முழுதாகக் காட்டினால் எழுத்து பொடியாகிவிடும். படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினால் பக்கத்தின் பாதிதான் தெரியும். மேலும் கீழும் உருட்டிக்கொண்டே மெய்ப்புப் பார்ப்பதில் வரி தவறுவது இயல்பு.

16:10 விகிதமுள்ள 11 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 5.8 அங்குலம், உயரம் 9.3 அங்குலம். டெம்மி பக்கம் அதன் உண்மையான அளவிலேயே அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மேலே செயலியின் பட்டைக்கும் இடம் மிஞ்சும். அச்சில் வரப்போகும் அதே அளவில் எழுத்தைப் பார்ப்பது மெய்ப்புத் திருத்துபவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை அத்தை முதல் பக்கத்தைத் திறந்ததுமே சொல்லிவிட்டார்: “தலைப்புக்கும் முதல் வரிக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருக்கிறது, பார். இதை நான் அந்தப் பெட்டியில் கண்டிருக்கவே மாட்டேன்.”

ஆனால் 11 அங்குலத்துக்கு ஒரு விலை உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டு, எக்செல் ஆகியவற்றின் கைபேசிச் செயலிகளில் 10.1 அங்குலம் வரையுள்ள திரைகளில்தான் இலவசமாகத் திருத்தலாம். அதற்கு மேற்பட்ட திரையில் திருத்தச் சந்தா கட்ட வேண்டும். 10.1 அங்குல டேப்லெட் வாங்கினால் திரையின் அகலம் 5.35 அங்குலம், டெம்மி பக்கம் மயிரிழையில் பொருந்தாமல் போகிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நாங்கள் 11 அங்குலத்தை எடுத்துக்கொண்டு, எழுதுவதற்குக் கூகுள் டாக்ஸ், கணக்குக்குக் கூகுள் ஷீட்ஸ் என்று முடிவு செய்தோம். மெய்ப்பு இல்லாத வீட்டில் நான் 10.1 அங்குலத்தையே சொல்வேன்.

பேனாவும் சேர்ந்து வரும் மாதிரியாகப் பார்த்து வாங்கினோம். விலை மலிந்த டேப்லெட்டுகளில் எந்தப் பேனாவை வைத்தாலும் அது விரலுக்குச் சமம்தான். உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் ஒரு கோடு விழும். பேனாவுக்கென்று தனி உணர்பரப்பு உள்ள திரையில் கையை ஊன்றி எழுதலாம். ஒற்று விட்ட இடத்தில் ஒரு கூரைக்குறி, சொல் பிரிய வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு என்று தாளில் போடும் அதே குறிகளை அத்தை பிடிஎஃப் மேலேயே போடுகிறார். பதிப்பகத்தின் பக்க வடிவமைப்பாளர் முதலில் தட்டச்சு செய்த பட்டியலும் வேண்டும் என்றார். இரண்டு நூல்களுக்குப் பிறகு குறிகளே போதும் என்றுவிட்டார்.

விசைப்பலகை

எல்லாரும் டேப்லெட்டின் வேகத்தையும் நினைவகத்தையும் கேட்கிறார்கள். தமிழ் எழுதுபவருக்கு உண்மையான தடை விசைப்பலகையில் இருக்கிறது. இதை விரிவாகவே சொல்கிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு தமிழ் 99. இதில் உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கைப் பக்கம். வ, ங இரண்டைத் தவிர மெய்கள் எல்லாம் வலக்கைப் பக்கம். ஆங்கில எழுத்து விசைகள் 26. தமிழுக்குத் தேவைப்படுவதோ 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31. ஆகவே ஐந்து மெய்கள் எழுத்து விசைகளைத் தாண்டி, வலது ஓரத்தில் உள்ள நிறுத்தக்குறி விசைகளில் இடம்பெற்றிருக்கின்றன. சதுர அடைப்புக்குறிகள் இரண்டிலும் ச, ஞ. அரைப்புள்ளி விசையில் ந. அதன் வலப்பக்கம் மேற்கோள்குறி விசையில் ய. கீழ் வரிசையின் சாய்கோட்டு விசையில் ழ.

டேப்லெட்டுக்கென்று விற்கப்படும் உறையோடு சேர்ந்த விசைப்பலகைகள், குறிப்பாகப் பத்து அங்குல அளவில் வருபவை, இடத்தை மிச்சப்படுத்தக் கைவைப்பது இந்த வலது ஓரத்தில்தான். ஆங்கிலம் எழுதுபவர் சதுர அடைப்புக்குறியை எப்போதாவதுதான் தொடுவார். அந்த விசைகளைப் பாதி அகலமாகச் சுருக்கலாம், வேறு வரிசைக்கு நகர்த்தலாம், எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும்படி வைக்கலாம். அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. தமிழில் எழுதுபவருக்கு ‘நான்’ என்ற சொல்லின் முதல் எழுத்தே அங்கே இருக்கிறது. செய், சொல், யார், நீ, வாழ் என்று எதைத் தொட்டாலும் அந்த ஓரத்துக்குப் போயாக வேண்டும்.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் பக்கம்தான். கையில் எடுத்துப் பார்க்காமல், தட்டிப் பார்க்காமல் விசைப்பலகை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதல் கடையில் இருந்த இளைஞர் ஓர் உறை விசைப்பலகையை எடுத்துவைத்து, “அம்மா, டேப்லெட்டுக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்றார்.

அத்தை கையை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் ‘ய’ எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

அவர் விசைகளின் மேல் தமிழ் எழுத்தைத் தேடினார். அத்தை மேற்கோள்குறி இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே என்டர் விசை இருந்தது. மேற்கோள்குறி கீழே இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இளைஞர் பொறுமையாக உள்ளே போய், ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றை எடுத்துவந்தார். அவருக்கு என் நன்றி. உறை வகையில் எழுத்து விசைகளின் இடைவெளியும் குறைவு. மேசைக்கணினி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். இந்தச் சிறியவற்றில் அதைவிடக் குறைவாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல ஆண்டுகள் பழகிய விரலுக்கு அந்த இரண்டு, மூன்று மில்லிமீட்டர் போதும், ல வர வேண்டிய இடத்தில் ர வரும்.

கடைசியில் தனியாக நிற்கும் புளூடூத் விசைப்பலகை ஒன்றை எடுத்தோம். எண் தொகுதி இல்லை, ஆனால் எழுத்துப் பகுதி முழு அளவு. ஐந்து விசைகளும் அவற்றுக்கு உரிய இடத்தில் உரிய அகலத்தில் இருந்தன. கூடவே ஒரு சிறு மவுஸ், மடக்கக்கூடிய ஓர் உலோகத் தாங்கி. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பையில் வைத்துத் தூக்கினால் எடை பழைய மடிக்கணினிக்குச் சமமாகிறது. மேசை இல்லாத இடத்தில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதும் இனி முடியாது. அந்த விஷயத்தில் மடிக்கணினியின் கீல் ஓர் அருமையான பொறி; அதற்கு ஈடாக டேப்லெட் உலகில் இந்த விலையில் எதுவும் இல்லை.

வன்பொருள் முடிந்தது, மென்பொருளில் இன்னொரு தடை. பழைய மடிக்கணினியில் சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கொண்டு அத்தை எழுதிவந்தார். ஆண்ட்ராய்டில் திரை விசைப்பலகையாகத் தமிழ் 99 தரும் செயலிகள் பல உண்டு. ஆனால் வெளி விசைப்பலகையை இணைத்ததும் அவற்றில் சில ஒதுங்கிக்கொள்கின்றன. தட்டினால் ஆங்கிலம்தான் வருகிறது. ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் வெளி விசைப்பலகைக்கு மொழி அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அங்கே ஒரு தமிழ் அமைப்பைச் சேர்த்தால் போதும் என்று தோன்றும். போதாது.

காரணம் தமிழ் 99 வெறும் விசை மாற்றுப் பட்டியல் அல்ல. ‘இ’ விசையைச் சொல்லின் தொடக்கத்தில் அழுத்தினால் உயிரெழுத்து வர வேண்டும். ‘க’வுக்குப் பின் அழுத்தினால் அது கொக்கியாக மாறிக் ‘கி’ ஆக வேண்டும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் நடுவே புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ என்று வர வேண்டும். ‘தங்கம்’ எழுதும்போது ங-வுக்குப் பின் க வந்தால் ங-வின் தலையில் புள்ளி தானாக ஏற வேண்டும். இந்த விதிகள் முன்னால் வந்த எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பவை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று எழுதிவைத்த கோப்பு இதைச் செய்யாது. வெளி விசைப்பலகையின் ஒவ்வொரு தட்டலையும் தானே வாங்கி, விதியைப் பொருத்தி, எழுத்தைத் தரும் உள்ளீட்டுச் செயலியே வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றைத் தேடி நிறுவிய பிறகு அத்தையின் வேகம் பழைய நிலைக்குத் திரும்பியது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதற்கான விசைச் சேர்க்கை அந்தச் செயலியில் என்ன என்பதை ஒரு சிறு தாளில் எழுதித் தாங்கியில் ஒட்டிவைத்தேன்.

குரல்வழித் தட்டச்சையும் பார்த்தோம். கூகுள் 2017இல் தமிழுக்கு அதைக் கொண்டுவந்தது. பேச்சுக் குறிப்புக்கும் சிறு செய்திக்கும் மிக நன்று. சங்கக் கூட்டத்தில் பேசியவற்றை உடனே பதிந்துகொள்ள அத்தை அதைத்தான் பயன்படுத்துகிறார். கட்டுரைக்கு ஆகவில்லை. ‘கதவை திறந்தான்’ என்று ஒற்றில்லாமல் வந்து நிற்கும் வரியை ஒரு தமிழாசிரியையிடம் கொடுத்தால் அவர் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டார். திருத்தும் நேரத்துக்குள் தட்டச்சே செய்துவிடலாம்.

பழைய கோப்புகள்

பழைய மடிக்கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு அதை வேறொரு வேலைக்கு வைக்க நினைத்திருந்தேன். பழைய கோப்புகளை அதற்கு முன்பே மீட்டாக வேண்டும் என்பதால் அவசரம் இருந்தது. அத்தையின் பழைய கட்டுரைகளில் ஒரு பகுதி வானவில் எழுத்துருவிலும் கொஞ்சம் பாமினியிலும் இருந்தன. யூனிகோடுக்கு முந்திய இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தவை. எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கிலக் குவியல். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆனாலும் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து டிடிபி நிலையங்களுக்குப் போய்வரும் எவருடைய பென் டிரைவிலும் இத்தகைய கோப்புகள் இன்றும் கிடக்கும். ஆண்ட்ராய்டில் நாமே கொண்டுவரும் எழுத்துருவை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக நிறுவும் வழி சாதாரணமாக இல்லை. ஐபேடில் 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் உண்டு. எங்கள் டேப்லெட் ஆண்ட்ராய்டு. எனவே கோப்புகளை மாற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் நிரலிடம் முழுக் கோப்பையும் கொடுத்தால் ஒரு சிக்கல் வரும். கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதையும் அது தமிழ் என்று எண்ணிக் குழப்பிவிடும். லிப்ரே ஆபீஸின் தேடல் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொண்டு தேடி, வானவில்லில் இருக்கும் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்று நிரலில் மாற்றி ஒட்டினேன். மெதுவான வேலை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்தார். முப்பது ஆண்டு எழுத்து ஓர் எழுத்துருவோடு சேர்ந்து மறைந்துபோகக் கூடாது. இந்த முழு வேலையில் எனக்கு நிறைவு தந்த பகுதி இதுதான்.

பென் டிரைவிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த பென் டிரைவைப் பல டேப்லெட்டுகள் படிப்பதில்லை. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிட்டால் இரண்டு பக்கமும் படிக்கும்.

பழைய மடிக்கணினிக்குப் புது வேலை

பிரிண்டருக்கு வைஃபை இல்லை. டேப்லெட்டிலிருந்து யூஎஸ்பி கம்பியைச் செருகினாலும் அந்தப் பிரிண்டருக்கான டிரைவர் ஆண்ட்ராய்டில் இல்லை. நடுவே ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் பழைய மடிக்கணினியையே உட்காரவைத்தேன்.

முதலில் அதன் உடல்நிலை. தொடுதளம் ஒரு பக்கம் சற்று மேலெழும்பி இருந்தது. அப்படி எழும்பினால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சென்னை வெயிலில் எந்நேரமும் மின்னிணைப்பில் இருந்த பேட்டரிக்கு இது வரும். அதைக் குத்தவோ அழுத்தவோ நெம்பவோ கூடாது. ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். அடாப்டரை மட்டும் கொண்டு இந்த மாதிரி இயங்குகிறதா என்று அங்கேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்கிவந்தேன். எல்லா மாதிரிகளும் இயங்காது. மின்சாரம் போனால் இது அணையும், வந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அச்சு வேலைக்கு அது பாதகமில்லை.

அடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம். அந்தக் காலகட்டத்தில் ஆட்டம் புராசஸரோடு வந்த சிறு மடிக்கணினிகளில் பலவற்றுக்கு ஒரு விசித்திரம் உண்டு: புராசஸர் 64 பிட், ஆனால் அதைத் தொடக்கிவைக்கும் யூஇஎஃப்ஐ 32 பிட். வழக்கமான 64 பிட் நிறுவல் பென் டிரைவைச் செருகினால் பல லினக்ஸ் வகைகளில் அது கண்ணுக்கே தெரியாது. டெபியன் என்ற லினக்ஸ் வகை இந்தக் கலப்பு நிலையைக் கையாளும் நிறுவல் கோப்பைத் தருகிறது. அதைக் கொண்டு நிறுவினேன். டெஸ்க்டாப் எதுவும் சேர்க்கவில்லை. 2 ஜிபி நினைவகம் அப்போது தாராளம்.

அதன் மேல் மூன்று நிரல்கள். அச்சுக்குக் கப்ஸ், வீட்டு வைஃபையில் அந்தப் பிரிண்டர் இருப்பதை மற்றக் கருவிகளுக்கு அறிவிக்க அவாஹி, கோப்புகளைப் பகிரச் சம்பா. கப்ஸின் வலைப்பக்கத்தில் பிரிண்டரைச் சேர்த்து, ‘இந்தப் பிரிண்டரைப் பகிர்க’ என்ற கட்டத்தில் குறியிட்டு, வீட்டு வலையிலிருந்து மட்டும் அனுமதி கொடுத்தேன். மூடியை மூடினாலும் உறங்கிவிடக் கூடாது என்பதை லினக்ஸின் அமைப்புக் கோப்பு ஒன்றில் (லாகின்டி) ஒரு வரியில் சொல்லலாம். பிறகு மூடியை மூடி, பிரிண்டருக்கு அடியில் இருந்த தட்டில் காற்றோட்டமாக நிறுத்திவைத்தேன். டேப்லெட்டின் அச்சுப் பட்டியலில் பிரிண்டரின் பெயர் வந்தது.

தமிழ் சரியாக அச்சாகுமா என்று அத்தைக்கு ஒரு கவலை. பழைய நாட்களில் கொம்பும் காலும் இடம் மாறிய தாள்களைப் பார்த்தவர். ஆண்ட்ராய்டு பக்கத்தைத் தானே பிடிஎஃப் ஆக வரைந்து முடித்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறது. எழுத்துகளைக் கோக்கும் வேலை டேப்லெட்டிலேயே முடிந்துவிடுவதால், திரையில் சரியாக இருப்பது தாளிலும் சரியாகவே வரும். சங்கத்தின் கூட்ட அறிவிப்பை முதலில் அச்செடுத்தோம். ‘கொ’வும் ‘தௌ’வும் ஒழுங்காக நின்றன.

மற்றவை

ஓய்வூதியர் நேர்காணலுக்கான மின்னணு வாழ்நாள் சான்றிதழில் டேப்லெட் மடிக்கணினியைத் தோற்கடித்துவிட்டது. மடிக்கணினி என்றால் தனியாக ஒரு கைரேகைக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டும்; வயதானவர்களின் தேய்ந்த ரேகையை அது பல முறை ஏற்காது. இந்தச் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியபோது அதுதான் நிலை. 2021 நவம்பரில் முகம் காட்டிச் சான்று பெறும் முறை வந்தது. ஆண்ட்ராய்டு கருவியும் நல்ல கேமராவும் போதும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டினால் வேலை முடிந்தது.

புயல் நாட்களிலும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டேப்லெட்டின் 8,000 எம்ஏஎச் பேட்டரி சுமார் 30 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றில் 74 வாட்-மணி இருக்கிறது. இழப்பு போக ஒன்றரை முறையாவது முழுதாக ஏற்றலாம். பழைய மடிக்கணினியின் உருளைமுனை அடாப்டருக்கு அந்தப் பவர் பேங்கால் ஒரு பயனும் இல்லை.

டேப்லெட் எடுத்துக்கொள்ளாத வேலைகளும் உண்டு. யூபிஐ செயலிகள் கருவியில் இருக்கும் சிம்மோடு பிணைக்கப்படுபவை. சிம் இல்லாத வைஃபை டேப்லெட்டில் அவை இயங்காது. அத்தைக்கு அது கைபேசியிலேயே இருப்பதால் இழப்பில்லை. வங்கி வேலைக்கு உலாவியில் ‘டெஸ்க்டாப் தளம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் நடக்கிறது. யூஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையொப்பம் முடியவே முடியாது. அதற்கான நிரல்கள் மேசை, மடிக்கணினிகளுக்காக எழுதப்பட்டவை. நிறுவனத்துக்காக ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்பவர், மின்னணு ஒப்பந்தப்புள்ளி போடுபவர் ஆகியோருக்கு டேப்லெட்டை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

கணக்குப் பேரேடு நடுவில் நிற்கிறது. மாதாமாதம் யார் பராமரிப்புத் தொகை கட்டினார்கள் என்று குறிப்பதும் கூட்டுவதும் கூகுள் ஷீட்ஸில் மவுஸோடு நன்றாக நடக்கிறது. வட்டாரத்தை இந்தியா என்று அமைத்ததும் காற்புள்ளியும் லட்சக் கணக்குப்படி விழுகிறது. ஆண்டு இறுதியில் பல தாள்களை ஒன்றோடொன்று இணைத்து, வங்கி அறிக்கையோடு ஒப்பிடும் வேலை கடினம். செயலி வடிவத்தில் பல வசதிகள் குறைவு. எக்செல் மேக்ரோக்கள் கைபேசி, டேப்லெட் பதிப்புகளில் ஓடவே ஓடாது. திரையைப் பாதியாகப் பிரித்து இரண்டு செயலிகளை அருகருகே வைக்கலாம். நான்கு தாள்களை ஒரே நேரத்தில் விரித்துப் பார்க்கும் வசதி அதில் இல்லை. “மார்ச் மாதக் கணக்கை மட்டும் உன் வீட்டுக் கணினியில் முடித்துக்கொள்கிறேன்” என்று அத்தை சொல்லிவிட்டார். பெரம்பூருக்கு வந்து ஒரு பகல் இருந்து முடித்துத் தருகிறார்.

இதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் டேப்லெட்டைப் பெட்டியைப் பார்த்தே வாங்கலாம். விசைப்பலகையை மட்டும் அப்படி வாங்க வேண்டாம். உங்கள் டேப்லெட்டில் தமிழ் உள்ளீட்டுச் செயலியை வீட்டிலேயே நிறுவி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இணைத்துத் தரச் சொல்லி, விசைகளைப் பார்க்காமல் ‘ஞாயிறு சந்தையில் நல்ல யாழ்’ என்று தட்டிப் பாருங்கள். ஓரத்து எழுத்துகள் ஐந்தும் அதில் இருக்கின்றன. எந்த எழுத்துக்கும் எஃப்என் விசையைத் தேட வேண்டியிராமல், எந்த விரலும் அடுத்த விசையில் போய் விழாமல் அந்த வரி வந்துவிட்டால் பணத்தைக் கொடுக்கலாம்.